பறவைக்கூட்டுப் பெரணி: இல்லத்தில் வளர்க்கும் முறை



செம்பனை மரத்தின் மட்டை இடுக்குகளிலும், சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பருத்த கிளைகளிலும், நீண்ட பச்சை இலைகள் வட்டமாகக் கூடி ஒரு கூடைபோல் நிமிர்ந்து நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதுவே பறவைக்கூட்டுப் பெரணி. தோட்டத்தில் யாரும் ஏறெடுத்துப் பாராத இச்செடி, நகரத்துப் பூச்செடிக் கடைகளில் விலைக்கு விற்கப்படுகிறது. அதை ஆசையோடு வாங்கி வந்து வரவேற்பறையில் வைத்து, காலையும் மாலையும் நீர் ஊற்றி, கைப்பிடி உரமும் இட்டு வளர்க்கின்றனர். சில மாதங்களில் அதன் நடுக்குருத்து கறுத்து, செடி மடிந்து விடுகிறது.

காட்டில் எவரும் நீரூற்றாமல், எவரும் உரமிடாமல் செழித்து வளரும் செடி, அன்பு காட்டுவோர் வீட்டில் ஏன் மடிகிறது? இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டால், இச்செடியை வளர்க்கும் முறை முழுவதும் நமக்கு எளிதில் விளங்கிவிடும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் இயல்பும்

பெரணி இனத் தாவரங்கள் பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. அவற்றுக்கு விதையும் கிடையாது. அவ்வினங்களுள் ஒன்றாகிய இச்செடிக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் அஸ்பிளீனியம் நீடஸ் என்பதாகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். ‘நீடஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் ‘பறவைக் கூடு’ என்பது பொருள்.

மலாய் மக்கள் இதனைப் ‘பாக்கு லாங்சுயார்’ என்பர். லாங்சுயார் என்பது அவர்தம் பழங்கதைகளில் வரும் ஒரு பெண் பேய். அப்பேய் குடியிருக்கும் இடம் இச்செடி எனப் பண்டைக் காலத்தில் நம்பினர். உண்மையில் இதில் குடியிருப்பவை எறும்பு, பூரான், கரையான், மண்புழு முதலிய சிற்றுயிர்களே. சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டில் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. அங்கே பெரிய பெரணி ஒன்று 200 கிலோகிராம் வரை எடையுள்ளதாய் இருந்தது. அதனுள் வாழ்ந்த சிற்றுயிர்களை எடைபோட்டுப் பார்த்தபோது, காட்டு மரங்களின் உச்சியில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றிய பழைய மதிப்பீட்டை ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்த வேண்டியதாயிற்று. பேய் வாழும் செடி என அஞ்சப்பட்டது, ஓர் ஊரையே தாங்கி நிற்கும் செடியாக அறியப்பட்டது.

மண்ணின்றி வாழும் விதம்

மரத்தின்மேல் வளர்வதால் இதனைப் புல்லுருவி எனக் கருதுதல் தவறு. புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். இப்பெரணியோ மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி. மரத்தின் உணவில் ஒரு துளியையும் அது எடுப்பதில்லை. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர். மிகப் பெரிதாய் வளர்ந்தால் அதன் பாரம் தாங்காமல் கிளை ஒடிவதுண்டு. அதைத் தவிர மரத்துக்கு வேறு கேடில்லை.

அப்படியாயின் அதற்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? இலைகள் கூடைபோல் அமைந்திருப்பதன் காரணம் இங்கேதான் புலப்படுகிறது. மேலிருந்து உதிரும் சருகுகளும் தூசும் பூச்சிகளின் எச்சமும் அக்கூடையில் விழுந்து தங்குகின்றன. மழை அவற்றை நனைக்கிறது. சிற்றுயிர்கள் அவற்றை மக்கச் செய்கின்றன. அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருக்கும் பழுப்பு நிற வேர்கள் அம்மக்கிலுள்ள சத்தை உண்டு, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிகுதியான மழைநீர் உடனே வடிந்து விடுகிறது. மேலேயுள்ள மரக்கிளைகள் கடும் வெயிலைத் தடுக்கின்றன. காற்று எப்போதும் ஈரமாய் இருக்கிறது. எப்போதும் அசைந்துகொண்டும் இருக்கிறது.

ஆகவே இச்செடி கேட்பவை நான்கு: வடிகட்டிய ஒளி, தேங்காத நீர், ஈரமான காற்று, சிறிதளவு உணவு. இவற்றுள் எது குறைந்தாலும் செடி வாடும்; எது மிகுந்தாலும் செடி அழுகும். இதனை மனத்திற்கொண்டு வளர்ப்பு முறையைக் காண்போம்.

தொட்டியும் கலவையும்

அடியில் துளையுள்ள மண்தொட்டி மிக ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டியும் பயன்படும். ஆயினும் அதில் ஈரம் நெடுநேரம் தங்கும் என்பதை மறவற்க. வேர்க்கட்டியை விடச் சற்றே பெரிய தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் செடி விரைவில் பெருக்கும் என்பது தவறான எண்ணம். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகலுக்கே வழி செய்யும்.

தோட்டத்துக் களிமண்ணை மட்டும் இட்டு நிரப்புதல் கூடவே கூடாது. நறுக்கிய தேங்காய் மட்டை இரண்டு பங்கு, நன்கு மக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரியும் செங்கல் துண்டுகளும் கலந்து ஒரு பங்கு என எடுத்துக்கொள்க. தேங்காய் மட்டையை இரண்டு மூன்று நாட்கள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் அந்நீரை மாற்றி, அதிலுள்ள உப்பும் சாயமும் நீங்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். செம்பனை மட்டை இடுக்குகளில் தேங்கிக் கிடக்கும் கரிய மக்கு இதற்கு மிக உகந்தது. அது இச்செடியின் இயற்கை உணவன்றோ! நடும்போது குருத்துப் பகுதி கலவைக்கு மேலே இருக்கட்டும்; அதைப் புதைத்தல் ஆகாது.

ஒளி

வீட்டினுள் இடம் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்றுண்டு. நண்பகலில் விளக்கு ஏற்றாமல் நாளிதழ் படிக்கக்கூடிய இடமாயின், அவ்விடம் இச்செடிக்குப் போதுமானது. கிழக்குச் சன்னலிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி வைப்பது நன்று. காலையிளம் வெயில் சிறிது நேரம் பட்டாலும் தீங்கில்லை. மேற்குச் சன்னல் வழியாக வரும் பிற்பகல் வெயில் இலைகளைச் சுட்டு, வெளிறிய திட்டுகளை உண்டாக்கிவிடும். வெளிச்சம் எட்டாத மூலையில் வைத்தாலோ செடி சாகாது. ஆனால் புது இலை விடாமல் மெலிந்து நிற்கும். செடி வெளிச்சத்தின் பக்கம் சாயாதிருக்க, வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பி வைக்க வேண்டும்.

நீர்

இச்செடி மடிவதற்குப் பெருங்காரணம் நீர் ஊற்றும் முறையே. கலவையினுள் ஒரு விரலை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், தொட்டியின் ஓரமாகச் சுற்றிலும் ஊற்றி, அடித்துளை வழியாக நீர் வடியும்வரை நனைக்க வேண்டும். ‘வாரத்துக்கு எத்தனை முறை?’ என்று கேட்பதை விட விரலைக் கேட்பதே நன்று. மழைக் காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் கணக்கு வேறுபடும்.

இலைகள் கூடும் நடுக்குழியில் நீர் ஊற்றுதல் கூடாது. ‘காட்டில் மழை நடுவில்தானே பெய்கிறது?’ என மாணவர் சிலர் வினவலாம். நல்ல வினாவே! காட்டில் காற்று வீசுகிறது. ஈரம் விரைவில் உலர்கிறது. வீட்டினுள் காற்று அசைவதில்லை. அங்கே நடுக்குழியில் தங்கும் நீர் இளங்குருத்தை அழுகச் செய்யும். இச்செடிக்கு உள்ளது ஒரே ஒரு குருத்து. அது அழுகிவிட்டால் செடியும் முடிந்தது.

இனி, உயிர் காக்கும் ஒரு செய்தி. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகுவதோடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அங்கே முட்டையிடும். முட்டை பொரிந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அம்முட்டைகள் நீரில்லாத தட்டிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்க வல்லவை. ஆகவே தட்டின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தட்டே இல்லாமல், தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று நனைத்து, வடிந்தபின் உள்ளே கொண்டு வருதல் அதனினும் சிறந்தது. கொசு பெருக இடம் தருவோருக்குத் தண்டனை விதிக்க, நம் நாட்டில் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளது. சட்டத்துக்கு அஞ்சியன்று, நம் பிள்ளைகளின் நலம் கருதியே இதில் கவனம் வேண்டும்.

ஈரக்காற்றும் ஒரு கண்ணாடிப் புட்டியும்

விசிறிக்கு நேர் கீழேயும், குளிர்சாதனக் கருவியின் எதிரேயும் வைத்தால் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகும். செடிகள் பலவற்றை அருகருகே வைத்தால் அவை விடும் ஈரம் ஒன்றுக்கொன்று உதவும். காலையில் இலைகளின்மேல் மெல்லிதாய் நீர் தெளிக்கலாம்.

பெரணிகளுக்கு ஈரக்காற்று எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு என்பவர் தம் தோட்டத்தில் பெரணிகளை வளர்க்க முயன்றார். ஆலைப் புகையால் அவை மடிந்தன. 1829ஆம் ஆண்டில் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து எழுந்தன. வெளியே புகையில் மடிந்த பெரணி, புட்டியினுள் தழைத்தது. மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே வந்தது. காற்று எப்போதும் ஈரமாய் இருந்தது. இதைக் கண்ட அவர் செடிகளுக்கெனக் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் அத்தகைய பெட்டிகளில் செடிகள் கப்பலேறி, உயிரோடு சிட்னி நகரை அடைந்தன.

இவ்வரலாறு நமக்கு எவ்வாறு உரியது என்கிறீர்களா? பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அவ்வாண்டே 1,919 கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் ரப்பர் தோட்டங்கள் பெருகியதும், அவற்றில் பாடுபட நம் முன்னோர் கடல் கடந்து வந்ததும் நீங்கள் அறிந்தவையே. ஒரு புட்டியில் தற்செயலாய் முளைத்த பெரணியை ஒருவர் கூர்ந்து நோக்கியதன் பயன், கடல் கடந்து நம் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது.

உரமும் மருந்தும்

காட்டில் சருகு மக்கி மெல்ல மெல்ல உணவாவதை முன்னரே கண்டோம். ஆதலால் இச்செடிக்கு மிகக் குறைந்த உரமே போதும். கடையில் விற்கும் நீர்ம உரத்தை, உறையில் குறித்துள்ள அளவில் பாதியாகக் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதுமானது. செம்பனைக்கு இடும் இரசாயன உரத்தை இதற்கு இடுதல் ஆகாது. அதன் வீரியம் மெல்லிய வேர்களைக் கருக்கிவிடும்.

தொழிலாள நண்பர்கள் மற்றொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த புட்டிகளையும் தெளிப்பான்களையும், எத்தனை முறை கழுவியிருப்பினும், வீட்டுக்குக் கொண்டு வருதல் கூடாது. செடிக்கு நீர் தெளிப்பதற்கெனப் புதியதொரு தெளிப்பான் வாங்குவதே முறை. வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளனர். பெரணியோ நச்சுச் செடியன்று. நஞ்சை நாமே வீட்டுக்குள் கொணரலாமா?

இலை கூறும் செய்தி

செடிக்கு வாயில்லை; இலையே அதன் வாய். அது கூறுவதை அறிந்துகொள்க.

1. இலை நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பானால், காற்றில் ஈரம் போதவில்லை.

2. இலை வெளிறி மஞ்சளாகித் திட்டுகள் தோன்றினால், வெயில் மிகுதி.

3. நடுக்குருத்து கறுத்து மென்மையானால், நீர் தேங்கி அழுகல் பிடித்துள்ளது. உடனே நீரை நிறுத்தி, காற்றோட்டமான நிழலில் வைத்துப் பார்க்கலாம், பிழைப்பது அரிது.

4. அடியிலுள்ள ஓரிரு முதிர்ந்த இலைகள் மட்டும் மஞ்சளானால், அது மூப்பு, நோயன்று. அவற்றை அடியில் வெட்டி நீக்குக.

5. இலையின் நடுநரம்பை ஒட்டிச் சிறு பழுப்பு முடிச்சுகள் தாறுமாறாய் இருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால், அவை செதில் பூச்சிகள். சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, பின் தூய நீரால் கழுவுக.

6. இலையின் பின்புறத்தில், நடுநரம்பிலிருந்து சாய்வாகச் சீப்பின் பற்கள்போல் ஒழுங்கான பழுப்புக் கோடுகள் தோன்றினால் அஞ்ச வேண்டா. அவையே சிதல்விதைகளின் இருப்பிடம். இதைப் பூச்சியெனக் கருதி நல்ல இலைகளை வெட்டி எறிவோர் உண்டு. அக்கோடுகள் செடி முதிர்ந்து நலமாய் உள்ளது என்பதற்கு அறிகுறி.

சுருண்டு எழும் இளங்குருத்தை விரலால் தொட்டு விளையாடுதல் கூடாது. அப்போது படும் சிறு காயம், இலை விரிந்தபின் பெருந்தழும்பாய் நிலைத்து விடும்.

மாணவர்க்கு ஒரு செய்முறை

இச்செடியைக் கிளை ஒடித்து நட்டுப் பெருக்க இயலாது. அதற்குக் கிளையே இல்லை. சிதல்விதையால்தான் அது பெருகும். முதிர்ந்த பழுப்புக் கோடுகளுள்ள இலைத்துண்டு ஒன்றை, கோடுகள் கீழ்நோக்கி இருக்குமாறு வெள்ளைத் தாளின்மேல் ஓரிரு நாட்கள் வைத்திருங்கள். காப்பித்தூள்போல் நுண்ணிய தூள் தாளில் உதிர்ந்திருக்கும். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் தேங்காய்த் தும்புத் தூளைப் பரப்பி, பெரியவர் ஒருவரைக் கொண்டு அதன்மேல் கொதிநீர் ஊற்றச் செய்யுங்கள். பூஞ்சணம் அழிய இது வேண்டும். ஆறியபின் தேங்கிய நீரை வடித்துவிட்டு, சிதல்விதைத் தூளை மெல்லத் தூவி, மூடி, வெளிச்சமுள்ள ஆனால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வார்டு பெட்டியின் தத்துவமே இது.

சில வாரங்களில் பச்சைப் படலம் ஒன்று தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், நகத்தினும் சிறிய, இதய வடிவத் தகடுகளைக் காணலாம். அவற்றில் பெரணியின் சாயல் சிறிதும் இராது. அத்தகட்டின் அடியில் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்ந்த பின்னரே உண்மையான பெரணிக் கன்று முளைக்கும். இந்த இரு தலைமுறை வாழ்வை ஜெர்மானிய அறிஞர் வில்லெம் ஹோப்மெய்ஸ்டர் 1851ஆம் ஆண்டில் தெளிவாக விளக்கினார். கன்று கைக்கு எட்டும் அளவு வளரப் பல மாதங்கள் ஆகும். பொறுமையற்றோர்க்கு இச்சோதனை உகந்ததன்று. பொறுமையைக் கற்க விழைவோர்க்கு இதனினும் நல்லாசிரியர் இல்லை.

செடியைப் பெறும் வழி

காட்டுக்குள் சென்று செடியைப் பிடுங்கி வருதல் வேண்டா. காப்புக்காடுகளிலிருந்து உரிமமின்றித் தாவரங்களை எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். மேலும், ஒரு பெரணியைப் பெயர்த்தால் அதை நம்பி வாழும் எத்தனை உயிர்கள் வீடிழக்கும் என்பதை மேலே கண்டோம். பெருங்காற்றில் கிளையோடு ஒடிந்து விழுந்தவற்றை எடுத்து வளர்க்கலாம். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வர். அப்போது அம்மரங்களோடு பெரணிகளும் மடியும். நிர்வாகத்தின் இசைவு பெற்று, சிறு செடிகளை வேர்க்கட்டியோடு பெயர்த்துக் காப்பாற்றுதல் நற்செயலாகும். எடுக்கும்போது பூரானும் எறும்பும் இருக்கும்; கையுறை அணிந்து, செடியை நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து வடித்த பின்னரே வீட்டினுள் கொணர்க.

தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்த கைகளுக்கு அங்கே ஒரு சாண் மண்ணும் இல்லை. அவர்களுக்கு ஏற்ற செடி இதுவே. மண்ணை நம்பாமல், பற்றிக்கொள்ள ஓரிடம் கிடைத்தால் போதும் என வாழும் இயல்புடையது இது. சன்னலோரம் ஒரு முழ இடம் அதற்கு ஒதுக்கினால், பல்லாண்டுகள் பசுமை குன்றாமல் நிற்கும்.

பெற்றோரே, இச்செடியின் பொறுப்பை உங்கள் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். கூடவே ஒரு குறிப்பேடும் கொடுங்கள். நீர் ஊற்றிய நாள், புதுக்குருத்து தோன்றிய நாள், ஒவ்வொரு வாரமும் அடிக்கோலால் அளந்த இலையின் நீளம் ஆகியவற்றை அப்பிள்ளை தமிழில் எழுதி வரட்டும். இரவில் அதை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். அறிவியலும் கணிதமும் மொழியும் ஒருங்கே வளரும்.

மாணவ மணிகளே, பேணுதல் என்பது அள்ளிக் கொடுப்பதன்று. எதற்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்து கொடுப்பதாகும். காட்டில் அச்செடி எப்படி வாழ்ந்தது என்று முதலில் பாருங்கள். பின்னர் நீர்க்குவளையைக் கையில் எடுங்கள். உங்கள் இல்லந்தோறும் ஒரு பெரணி தழைக்கட்டும்!